காப்பியை நிறுத்தும் மந்திரி

ஜூன் 4

சில்வண்டுக்கு மாமா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்பதை முதலிலேயே மரியாதையாகத் தெரிவித்துக்கொள்கிறேன். தபால்காரர் உறையைத் தொட்டுப் பார்த்தே நம்ப மாட்டார். நீ பிரிக்கும்போதே உதட்டைச் சுழிப்பாய். சுழித்துக்கொள். வராத ரயிலை ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒலிபெருக்கியில் ஆயுசு முழுக்க அறிவித்து, அதற்குச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்கின தொண்டை இது. நம்பாதவர்களைப் பார்த்து அஞ்சுகிற தொண்டை அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை மாறிப் போகும்போது எங்கள் தலையில் நீ கட்டிவிட்டுப் போன எஸ்பிரெஸ்ஸோ மெஷினை உன் அத்தை வென்றுவிட்டாள்.

மருந்துக் கடையில் பொடியை எடை போட்டுப் பொட்டலம் கட்டின கை அது. காப்பிக்கொட்டையையும் அப்படித்தான் எடை போட்டாள். தராசில் ஒரு கொட்டை கூடிவிட்டால் அதைக் கடித்து, பாதியைத் தட்டில் போட்டுவிட்டு மீதியை என் வாயில் திணிப்பாள். அரைத்து, கைப்பிடிக் கிண்ணத்தில் கொட்டி, கட்டையால் ஒரு அமுக்கு. மெஷினில் மாட்டித் திருகி ஸ்விட்சைத் தட்டுவாள். அதற்கப்புறம் என் உத்தியோகம். இது பாதித் தானியங்கி என்று நீதானே சொன்னாய். தண்ணீரைத் தானாக விடும், தானாக நிற்காது. அவள் கோப்பையில் விழும் காப்பியை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். நிறம் வெளுக்கத் தொடங்குகிற அந்த நொடியில் ‘ம்’ என்பாள். ஸ்விட்சில் விரலை வைத்துக் காத்திருக்கும் நான் நிறுத்துவேன். அந்த ராஜ்யத்தில் அவள் மகாராணி, நான் காப்பியை நிறுத்தும் மந்திரி. வேறு இலாகா எனக்குக் கிடையாது.

அப்படி எடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போன மாதம் ஒரு வாரம் கண் இமைக்க முடியாமல் கிடந்தேன். பால் நுரையைப் பற்றிக் கேட்காதே. அதில் ஒரு ஈ வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறது. மிச்ச நுரையில் நான் முகச்சவரம் செய்துகொண்டேன். எதிர்வீட்டுச் சுவரில் பூசினால் வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்.

இப்போது அவள் அதையும் தாண்டிவிட்டாள். தூளே போடாமல் காப்பி எடுக்கிறாள். நிஜமாக. காலிக் கிண்ணத்தை மாட்டி, ஸ்விட்சைத் தட்டி, பளிங்கு மாதிரி ஒரு காப்பி. பார்த்தால் வெந்நீர் என்றே நினைப்பாய். நேற்று நான் ஒரு வாய் குடித்ததும் கேட்டாள்.

“எப்படி இருக்கு?”

“இந்த மாதிரி காப்பி நான் ஜென்மத்துல குடிச்சதில்ல.”

“பொய் சொல்லாதீங்க.”

“உன் மேல சத்தியம்.”

அதில் பொய் ஒன்றுமில்லை பார்.

இன்று காலை பார்த்தால், விட்டதைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பங்கு தூள் கிண்ணத்துக்குள் ஏறியிருக்கிறது. கைப்பிடி மெஷினோடு இறுகிவிட்டது. இரண்டு யானையைக் கட்டி இழுத்தேன்; யானைக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. எப்படிக் கழற்றுவது என்று எழுது.

போன் பண்ணினால் எடுப்பதில்லை என்று குறைப்பட்டாயாம். போனை உன் அத்தை பால் குவளையில் போட்டு ஆவிக் குழாயில் பிடித்து நுரைக்க வைத்துவிட்டாள். நுரை சரியாக வரவில்லை.

உன் மாமா


ஜூன் 13

மாமாவுக்கு,

கைப்பிடி: மெஷினை அணையுங்கள். நன்றாக ஆறட்டும். ஈரத் துணியைச் சுற்றி, மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக இடது பக்கம் திருப்புங்கள். வந்துவிடும். யானை வேண்டாம். உள்ளே இருக்கிற தூள் செங்கல் மாதிரி இருக்கும். ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே சல்லடையைத் துடையுங்கள்.

இனி என் கேள்விகள்.

ஒரு கொட்டையைக் கடித்துப் பாதியாக்குகிற அத்தை இரண்டு பங்கு தூளை எப்படிப் போட்டார்? வெந்நீர்க் காப்பி உங்கள் கற்பனை என்றால், நீங்கள் வழக்கமாக அளக்கும் கதை மாதிரி அது ஏன் இல்லை? உங்கள் பொய்யில் ஈ கால் ஒடியும், யானைக்கு இடுப்புப் பிடிக்கும். ஒரு பெண் காலிக் கிண்ணத்தை மாட்டிவிட்டு ‘எப்படி இருக்கு’ என்று கேட்க மாட்டாள்.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் அத்தையின் தள்ளுபடி இல்லை.

நான் விடுதியில் படித்த காலத்திலிருந்து நீங்கள் எழுதுகிற எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு முன் அத்தை வாசித்து, அடியில் பென்சிலால் எழுதி அனுப்புவார். அரை நிஜம். கால் நிஜம். ‘இதில் தேதி மட்டும் நம்பு.’ நானும் உங்கள் கதையைச் சிரித்துப் படித்துவிட்டு, அடியில் பார்த்துக் கழித்துக்கொள்வேன். ஒரே ஒரு தடவைதான் ‘முழுசும் நிஜம்’ என்று வந்தது. அம்மா போன அன்று நீங்கள் எழுதின இரண்டு வரிக்கு. உங்கள் இரண்டு வரியைப் படித்துவிட்டு, இதிலும் கழிக்க ஏதாவது இருக்காதா என்று அடியில் பார்த்தேன். அது ஞாபகம் இருக்கிறது.

இந்தத் தடவை அடியில் ஒன்றுமில்லை. எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன வயதில் என் நாய்க்குட்டி செத்ததும், அதற்கு அடுத்த ஸ்டேஷனில் வேலை கிடைத்துவிட்டது, பச்சைக் கொடி காட்டுகிறது என்று சொன்னீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ரயிலை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒலிபெருக்கியில் வேறு ‘நாய்க்குட்டி அவர்கள் இன்று விடுப்பில் இருக்கிறார்’ என்று அறிவித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த நாளும் போனேன். எனக்கு அழுவதற்கு ஒரு நாள் கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அதனால் நேராகக் கேட்கிறேன். அத்தைக்கு மறதி வந்திருக்கிறதா? ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்று போதும்.


ஜூன் 21

சில்வண்டே,

ஊரார் வாய்க்கெல்லாம் பொய்ப்பல் செய்து மாட்டிப் பிழைக்கிறவள் நீ. என் பொய்யைப் பிடித்து உலுக்குகிறாயே, இது தொழில் தர்மமா?

கைப்பிடி வந்துவிட்டது. வந்த வேகத்தில் நான் போய் ஹாலில் விழுந்தேன். சுவர் இரண்டடி நகர்ந்துகொண்டது. இப்போது ஹால் பெரிசாக இருக்கிறது, வந்தால் தாராளமாகப் படுக்கலாம்.

தள்ளுபடி போடாததற்குக் காரணம் மகாராணிக்கு நேரமில்லை. ராஜ்யம் விரிந்துகொண்டே போகிறது. போன செவ்வாய்க்கிழமை கடலைக்கூட அடுக்களைக்குள் வரவழைத்துவிட்டாள். நான் பழுது பார்க்கக் கொடுத்த செருப்பை வாங்கிக்கொண்டு ஒரு எட்டில் திரும்பினேன். மாடிப்படியிலேயே அலை. வந்து பார்த்தால் ஸ்விட்ச் தட்டியபடி இருக்கிறது, மெஷின் தன் பாட்டுக்குக் கக்கிக்கொண்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி வற்ற வற்ற உன் அத்தை செம்பால் ஊற்றி நிரப்பிக்கொண்டிருக்கிறாள். கோப்பை மூழ்கி, மேடை மூழ்கி, காய் நறுக்கும் பலகையில் ஏறி நான் துடுப்புப் போட்டுக்கொண்டு போனேன். கீழ்வீட்டுத் தையற்காரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

“என்னங்க, உங்க வீட்ல மழையா?”

“கடற்கரை பார்க்கணும்னு இவ ஆசைப்பட்டா. அதான்.”

“என் தையல் மெஷின் மேல சொட்டுது.”

“உப்பு இல்லையே? அப்ப கவலப்படாதீங்க.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தை வாங்கித் தள்ளினார். உன் அத்தை அவரைப் பார்த்து, “இவரு இல்லேன்னா யாரு நிறுத்துவா, அதான் காத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். எவ்வளவு விசுவாசமான மகாராணி பார். மந்திரி இல்லாமல் ஒரு காரியம் செய்ய மாட்டாள். ‘ம்’ மட்டும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. பரவாயில்லை, நானே குத்துமதிப்பாக நிறுத்துகிறேன்.

எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆவிக் குழாய்க்கும் எனக்கும் நடந்த மல்யுத்தத்தில் என் கை லேசாக வெந்துவிட்டது. சண்டை சமம் என்று நடுவர் அறிவித்தார்.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. தள்ளுபடியும் கீழே இருக்கிறது, பார்த்துக்கொள்.

உன் மாமா

முழுசும் நிஜம்.


ஜூலை 2

மாமா,

அது நீங்கள் எழுதினது.

கையெழுத்தைச் சொல்லவில்லை. நன்றாகவே போட்டிருக்கிறீர்கள். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த ‘முழுசும்’ என்ற வார்த்தையை, பலகையில் துடுப்புப் போடுகிற கதைக்கு அத்தை கொடுக்க மாட்டார். ஊரே எரிந்தாலும் கொடுக்க மாட்டார். அதை எடுத்துப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

தையற்காரம்மாவின் கடைப் பலகையில் நம்பர் இருந்தது ஞாபகம் வந்து, தேடிப் பிடித்துப் பேசினேன். குடையோடு வந்தது நிஜமாம். தண்ணீர் நிஜமாம். போனைப் பாலில் போட்டதும் நிஜமாம்; அந்த அம்மாவிடம்தான் கழுவிக் காயவைக்கக் கொடுத்தீர்களாம். கட்டுப் போட்டிருப்பது மட்டும் உங்கள் கையில் இல்லை, அத்தையின் வலது கையில். ஆவிக் குழாயைத் திறந்துவிட்டு, பால் குவளை என்று நினைத்துத் தன் கையையே அடியில் பிடித்திருக்கிறார். “கத்தவே இல்லம்மா அவங்க. நுரை வரலியேன்னு பார்த்துக்கிட்டே நின்னாங்க” என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கும். நான் கேட்கப் போவதில்லை.

உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் நம்பாமல் சிரித்ததெல்லாம் நடந்திருக்கிறது. நம்பின சின்னச் சின்ன விஷயங்கள்தான் பொய்.

போன தடவை நான் வந்திருந்தபோது அத்தை என்னை ‘அண்ணி’ என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அம்மாவை அப்படித்தானே கூப்பிடுவார். எனக்கு அம்மா ஜாடை, களைப்பு, என்று நானே ஒரு தள்ளுபடி போட்டுக்கொண்டேன். மெஷினை விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா? என்ன சொன்னார்?

இங்கே பல் லேப்பில் பேசிவிட்டேன். இந்த மாதக் கடைசியில்தான் லீவு தருவார்கள். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. அதுவரை ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த மெஷினின் வயரைப் பிடுங்கி எங்கேயாவது வையுங்கள். எடுத்து ஒளித்துவிட வேண்டாம், தேடுவார். அங்கேயே இருக்கட்டும். சூடு மட்டும் ஆகக்கூடாது. அடுத்த தடவை கையோடு நிற்காது.

கதை சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


ஜூலை 15

சில்வண்டுக்கு,

வயரைப் பிடுங்கிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. பிளக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறேன் என்று எழுதத்தான் வந்தது. உனக்கு இப்போது அது வேண்டாம். மெஷினின் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் அத்தை அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, “இவர் சொல்றதுல பாதியை விட்டுடுங்க டாக்டர்.” எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்புறம் அவர் ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்றார். சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்ணையும் ஒரு பக்கமாக, நெரிசலில் ஏறின பயணிகள் மாதிரி நிறுத்திவிட்டாள். கூட வந்திருக்கிறவர் யார் என்றார். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விடை என் நெற்றியில் எழுதியிருக்கிற மாதிரி நானும் முகத்தைத் தூக்கிக் காட்டினேன். “கூட வந்திருக்காரு” என்றாள். சரியான பதில்தானே. டாக்டர் மார்க் போடவில்லை. இது ஏறுமுகமாகத்தான் போகும், இறங்காது என்றார். நானும் ரயில் தாமதம் என்பதை நாசூக்காகச் சொல்கிற தொழிலில் இருந்தவன். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

வயரைப் பிடுங்கின மறுநாள் காலையில் அவள் வழக்கம் போல அடுக்களைக்குப் போனாள். கட்டுப் போட்ட கையாலேயே கிண்ணத்தை மாட்டினாள். திருகினாள். ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு வரவில்லை. மறுபடி தட்டினாள்.

“கரண்ட் இல்லீங்களா?”

“இல்ல.”

“எப்ப வரும்?”

“வந்துடும்.”

அங்கேயே நின்றாள். நானும் ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். வராத கரண்டை நிறுத்துவதற்காக. மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கு மறுநாளும். உலகத்துக் கரண்டை எல்லாம் நான் ஒருத்தன் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை கூடம் முழுக்க வெளிச்சம், ஃபேன் சுற்றுகிறது, அண்ணாந்து பார்த்துவிட்டு, “நமக்கு மட்டும் இல்லியா?” என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நீயே சொல். எனக்கு ஒரு கதையும் வரவில்லை.

அப்புறம் அவள் அடுக்களைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

காலையில் எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் கூப்பிட்டால் வருகிறாள், விட்ட இடத்தில் நிற்கிறாள். முந்தாநாள் பொறுக்க முடியாமல் வயரை மறுபடி மாட்டி, விளக்கை எரியவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மெஷினுக்கு முன்னால் நிறுத்தினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. என்னது இது?”

“காப்பி மெஷின்.”

“உங்க வீட்டுதா?”

உன்னைக் குற்றம் சொல்லி எழுதவில்லை. வெந்துபோன கையை நான் பார்த்தவன். நீ சொன்னது சரி. சரியானதைத்தான் செய்தோம்.

காலையில் ‘பொய் சொல்லாதீங்க’ என்று அவள் என்னை நிஜமாகத் திட்டுகிற நேரம் அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் வெந்நீர்க் காப்பிக்காக.

மாமா


ஜூலை 20

மாமா,

நான்தான் பிடுங்கச் சொன்னேன். நான்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு.

காலையிலிருந்து ஒரு மேல்செட்டுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைவாய்ப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

லீவு முப்பத்தொன்றாம் தேதியிலிருந்து. அதற்குள் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்கள். கூட்டிப்போய் நிறுத்தாதீர்கள், என்ன என்று விளக்காதீர்கள். நீங்கள் பாட்டுக்குக் கொட்டையை அரையுங்கள். அந்தச் சத்தத்துக்கும் வாசனைக்கும் தானாக எழுந்து வருகிறாரா என்று பாருங்கள். தூளைப் போட்டு, அமுக்கி, மாட்டி, எல்லாம் தயாராக வைத்துவிட்டு ஸ்விட்சை மட்டும் விட்டுவையுங்கள். ஆவிக் குழாய்ப் பக்கம் துணியைச் சுற்றுங்கள். கை கிட்டே நீங்கள் நில்லுங்கள்.

வராவிட்டால் பரவாயில்லை. வந்தார் என்று பொய் எழுதாதீர்கள். எழுதினாலும் கண்டுபிடிக்க எனக்கு இப்போது ஆள் இல்லை.


ஜூலை 29

சில்வண்டுக்கு மாமா எழுதுவது.

ஒலிபெருக்கியைச் சரி செய்துகொள்கிறேன். கவனிக்கவும்.

நேற்றுக் காலை நான் காப்பிக்கொட்டை அரைத்தேன். அரைத்த வாசனை ஜன்னல் வழியாகப் போய், தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் செருப்பை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மாடியேறினார்கள். தையற்காரம்மா ஊசியில் நூலைக் கோக்க மறந்து வாசனையைக் கோத்துவிட்டார். அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது. உன் அத்தை வந்தாள். சாதாரணமாக இல்லை, கல்யாணத்தன்று வந்த மாதிரி வந்தாள், அன்றைக்குப் போலவே என்னை மேலும் கீழும் பார்த்து, “தூளை இப்படியா குவிச்சு வைப்பாங்க” என்றாள். தராசை எடுத்தாள். ஒரு கொட்டையைக் கடித்தாள். மீதியை என் வாயில் திணித்தாள். அமுக்கினாள். மாட்டினாள். மெஷின் வெட்கத்தில் சிவந்துவிட்டது.

காப்பி தேனாக இறங்கியது. குடித்துவிட்டு, உன்னை விசாரித்தாள். அண்ணி மகளுக்கு இன்னும் லீவு தரலியா, பல்லுக்கு என்ன அவசரம், ஊரில் யாரும் கஞ்சி குடிக்க மாட்டார்களா என்றாள். வெந்த கையை நீட்டி, “இதை நீங்க உங்க கைன்னு எழுதினீங்களாமே, வெக்கமா இல்ல?” என்றாள். அப்புறம் உன் கடிதங்களை எல்லாம் வாங்கிப் படித்தாள். என் பொய்த் தள்ளுபடியைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பேச மாட்டேன் என்றாள். நான் காலில் விழுந்தேன். விழுந்த இடத்தில் தரை பள்ளமாகிவிட்டது, நீ வந்தால் காட்டுகிறேன். கடைசியில் பென்சிலைக் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன்.

கொடுத்த பென்சில் அப்படியே இருக்கிறது. தள்ளுபடியை நானே போடுகிறேன். இந்தத் தடவை அவள் கையெழுத்தில் இல்லை, என் கையெழுத்திலேயே.

தெருவும் இல்லை, மூக்கும் இல்லை. அவள் உன்னை விசாரிக்கவில்லை. கொட்டையைக் கடிக்கவில்லை. தூள் போட்டது, அமுக்கினது, மாட்டினது எல்லாம் நான். நீ சொன்னபடி ஆவிக் குழாயில் துணியைச் சுற்றிவிட்டு, கிட்டேயே நின்றேன்.

அரைக்கிற சத்தத்துக்கு எழுந்து வந்தாள். அது நிஜம். நிலைப்படியில் நின்றாள். நேராக மெஷினுக்கு வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஸ்விட்சைத் தட்டினாள். காப்பி விழ ஆரம்பித்தது. குனிந்து அதையே பார்த்தாள், பழைய மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கறுப்பாக விழுந்தது, பழுப்பானது, வெளுக்கத் தொடங்கியது. சரியாக அந்த நொடியில் ‘ம்’ என்றாள்.

நீ வேண்டுமானால் உன் மெஷினோடு சேர்த்து என்னையும் எடைக்குப் போடு, அதைவிடச் சரியான ‘ம்’ உலகத்தில் யாரும் சொன்னதில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். அந்த வெந்த கையால்.

“தொடாதீங்க.”

“நிறுத்தணுமே.”

“அவர் வந்து நிறுத்துவாரு.”

ஹாலைப் பார்த்து மறுபடி ‘ம்’ என்றாள், கொஞ்சம் சத்தமாக. நான் அவள் பார்த்த பக்கம் பார்த்தேன். ஹாலில் யாரும் இல்லை.

கோப்பை நிரம்பியது. தட்டு நிரம்பியது. வெறும் வெந்நீர் மேடையில் வழிந்து என் பாதத்துக்கு வந்தது. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு, என்னிடம் சமாதானமாகச் சொன்னாள், “கொஞ்சம் பொய் சொல்லுவாரு. ஆனா வந்துடுவாரு.”

நான் ஸ்விட்சைத் தொடவில்லை. தொட்டி வற்றுகிற வரைக்கும் அவளோடு நின்று, நானும் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் அவ்வளவுதான் நிஜம்.

மாமா